லயக் காம்பராவிலிருந்து நடிகர் தேர்வுக்கு வீடியோ அனுப்புவது எப்படி? ஓட்டிசம் உள்ளவர்களுக்கான செய்முறை

நடிகர் தேர்வுக்கு இப்போது வீட்டிலேயே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு பக்க வசனமும் கடைசித் தேதியும் போனுக்கு வந்துவிடுகின்றன. கொழும்புக்கு ரயிலேறி, தெரியாத கட்டடத்தில் தெரியாத ஆட்களோடு வரிசையில் உட்கார வேண்டியதில்லை. எனக்கு ஓட்டிசம் இருக்கிறது (தமிழகத்தில் ஆட்டிசம் என்று எழுதுவார்கள்). இந்த ஏற்பாடு இல்லையென்றால் நான் நடிக்கவே வந்திருக்க மாட்டேன்.

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு; அதில் ஒவ்வோர் அறையும் ஒரு காம்பரா) இருக்கிறேன். இதுவரை பதினொரு வீடியோ அனுப்பியிருக்கிறேன். இரண்டுக்கு அழைப்பு வந்தது. ஒன்றில் நடித்தேன்; குறும்படம், எனக்கு மூன்று வசனம். முதல் நான்கு வீடியோக்களையும் கெடுத்தது ஒரே பிழை. அதை மூன்றாம் படியில் விளக்கியிருக்கிறேன். நேரமில்லாதவர்கள் நேரே அங்கே போய்விடுங்கள். வசனத்தை மனப்பாடம் செய்வது பற்றி இங்கே எதுவும் எழுதவில்லை. அது உங்களுக்கே தெரியும்.

படி 1: சத்தம்

தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. எங்கள் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் காலையைத் தவிர வேறு நேரத்தை நம்பாதீர்கள். பிரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்து எல்லாரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய், பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போன பிறகு லயம் அடங்கும். எனக்கு எட்டு மணி முதல் பத்து மணி வரைதான் வேலை நேரம்.

எதிரொலியைக் குறைக்க, சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகை வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். வீட்டில் கம்பளி இருக்கும். காம்பராவுக்குள் எடுத்தால் போனுக்குப் பின்னால் ஒன்று, பக்கச் சுவரில் ஒன்று தொங்கவிடுங்கள். மேசைமேல் ஒன்றை மடித்துப் போடுங்கள். காம்பராவின் எதிரொலி போய்விடும்.

எடுக்கத் தொடங்குமுன் கண்ணை மூடி இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கேட்கும் சத்தங்களையெல்லாம் எழுதுங்கள். சுவர்க் கடிகாரம், சார்ஜரின் இரைச்சல், மூன்று காம்பரா தள்ளி ஓடும் ரேடியோ. வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்காதவை எனக்குக் கேட்கும். அதற்காகச் சிறுவயதில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். மைக்கும் அவற்றையெல்லாம் பதிவு செய்கிறது.

படி 2: வெளிச்சம்

இஸ்தோப்பில் (வீட்டின் முன் திண்ணை) வெளியே பார்த்து உட்காருங்கள். மேகம் மூடிய காலை வெளிச்சம் முகத்தில் நிழல் விழாமல் பரவும்; காசு கொடுத்தாலும் அப்படி ஒரு விளக்குக் கிடைக்காது. பின்னால் சாம்பல் அல்லது மங்கிய நீல நிறத்தில் பூப்போடாத துணி. வெள்ளைத் துணி போட்டால் போன் முகத்தைக் கறுப்பாக்கிவிடும்.

டியூப் விளக்கில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் இதைக் கவனியுங்கள். இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வகை டியூப் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். அந்தத் துடிப்பு எனக்குத் தலைவலியைத் தரும். பள்ளிக்கூடத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. முதல் முறை டியூப் விளக்கின் கீழ் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டிருந்தன. அதைத் தங்கையிடம் காட்டினேன். பன்னிரண்டு வருடம் நான் சொன்னது உண்மை என்று அன்றுதான் இன்னொருவர் ஒப்புக்கொண்டார். புலன்களின் இந்தக் கூர்மை ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக, மருத்துவர்கள் கையாளும் அமெரிக்க மனநலக் கையேட்டில் சேர்ந்தது 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான்.

தீர்வு எளிது. ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள். பட்டை மறையும். அமெரிக்கர்கள் எழுதும் செய்முறைகளில் 1/60 என்று இருக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நமக்கு அது சரிவராது.

*பின்னர் சேர்த்தது:* ஷட்டர் எங்கே இருக்கிறது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து விட்டுவிட்டேன், மன்னியுங்கள். போன் கேமராவில் "ப்ரோ" என்ற முறை இருந்தால் அதற்குள் இருக்கும். இல்லையென்றால் ஆண்ட்ராய்ட் போனில் ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியைப் பாருங்கள். வெளிச்ச அளவைப் பூட்டிவைக்கவும் அதில் முடியும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். முகத்தை வழவழப்பாக்கும் செயலி எதையும் தொடாதீர்கள். தேர்வு செய்பவர்கள் உங்கள் தோலைப் பார்க்க வேண்டும்.

படி 3: எங்கே பார்ப்பது

"கேமராவைப் பார்க்க வேண்டாம். எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசவும்." அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான். நான் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டேன். தங்கையை எதிரே நிற்கவைத்து அவள் கண்ணைப் பார்த்தேன். ஒருவர் கண்ணைப் பார்த்தால் எனக்குச் சொற்கள் நின்றுவிடும்; மற்றதெல்லாம் போய் அந்தக் கண் மட்டும்தான் இருக்கும். இரண்டாம் வரியில் வசனம் அறுந்தது. கண்ணைப் பார்க்காமல் பேசினால் வசனம் முழுதாக வந்தது. ஆனால் வீடியோவில் என் பார்வை தரைக்கும் சுவருக்கும் அலைந்தது.

அப்படி நான்கு அனுப்பினேன். ஒரே ஒருவர் பதில் எழுதினார்: "முகம் பார்த்துப் பேசத் தெரியாதவருக்கு நடிப்பு எதற்கு?" அதற்குப் பிறகு மூன்று மாதம் எந்த அறிவிப்பையும் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் நானுஓயா ரயில் நிலையத்துக்கு அருகே படப்பிடிப்பு நடந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு பெண் தன்னைவிட்டுப் போகும் அண்ணனிடம் அழுகிறாள். அழுகை என் நெஞ்சைப் பிடித்தது. அவள் யாரைப் பார்க்கிறாள் என்று தேடினேன். அண்ணனாக நடித்தவர் வேனுக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்தது லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டியை.

அன்று விளங்கியது. மனிதர்கள் கேட்பது கண்ணோடு கண். கேமரா கேட்பது பார்வை போகும் திசை. பிறகு இன்னொன்றும் படித்தேன். மிக அருகிலிருந்து எடுக்கும் காட்சியில், எதிரில் நிற்பவரின் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்க்க வேண்டாம், கேமராவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு கண்ணை மட்டும் பாருங்கள் என்றுதான் நடிகர்களுக்குக் கற்பிக்கிறார்கள். மாறி மாறிப் பார்த்தால் திரையில் விழி துள்ளும். அவர்களுக்கும் ஒரு புள்ளிதான். எனக்கும் ஒரு புள்ளி போதும்.

செய்முறை இதுதான். போனைக் கிடையாக, உங்கள் கண் உயரத்தில் வையுங்கள். நான் ஸ்டாண்ட் வாங்கவில்லை. பால்மா டின் மூன்றை அடுக்கி ரப்பர் வளையத்தால் கட்டுகிறேன், காற்றில் ஆடுவதில்லை. போனுக்குப் பின்னால் ஒரு அட்டையைச் செருகுங்கள்; லென்ஸ் இருக்கும் பக்கமாக அது வெளியே நீண்டிருக்கட்டும். லென்ஸிலிருந்து நான்கு விரல் தள்ளி, அதே உயரத்தில், அட்டையில் ஓர் ஒட்டுப்பொட்டை ஒட்டுங்கள். ஒரு சாண் தள்ளிவிட்டால் முகம் திரும்பிவிடும். வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் பொட்டு வருமாறு போனை வையுங்கள். அந்தப் பொட்டிடம் பேசுங்கள்.

இதோடு முடியவில்லை. ஒரே புள்ளியைப் பார்த்துப் பேசிய என் ஐந்தாவது வீடியோவில் நான் சிலைபோல் இருந்தேன். மனிதர்கள் யோசிக்கும்போது பார்வையை விலக்குவார்கள், நினைவு வந்ததும் திரும்புவார்கள். அதனால் இரண்டாவது பொட்டு ஒன்றைச் சற்றுக் கீழே ஒட்டுங்கள். அது யோசிக்கும் இடம். எந்தச் சொல்லில் கீழே போவது, எந்தச் சொல்லில் மேலே வருவது என்று வசனக் கடதாசியில் அம்புக்குறி போட்டு, கைகால் அசைவைப் போலவே அதையும் மனப்பாடம் செய்யுங்கள். எனக்கு முதல் அழைப்பு வந்தது இப்படி எடுத்த வீடியோவுக்குத்தான்.

கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நெஞ்சுக்கு மேலேதான் படத்தில் வரும். கீழே கை என்ன செய்தாலும் தெரியாது. நான் ஒரு தேயிலை விதையை உருட்டிக்கொண்டிருப்பேன். கையை அடக்கிவைத்தால் குரலும் அடங்கிவிடுகிறது.

படி 4: எதிர் வசனம் படிப்பவர்

தங்கைக்கு வகுப்பு இருந்த நாளில் மாமாவைக் கேட்டேன். மாமா, மன்மதன் கதையைத் தோட்டங்களில் ஆடும் மாசி மாதக் காமன் கூத்தில் பல வருடம் ரதியாக ஆடியவர். தப்பு என்ற பறையின் சத்தத்தைத் தாண்டிக் கடைசி லயம்வரை கேட்கும் குரல் அது. சின்னவனாக இருந்தபோது தப்பு என் காதைக் குத்தும். காதைப் பொத்திக்கொண்டு இஸ்தோப்பிலிருந்தே விடிய விடியப் பார்ப்பேன். அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொரு வருடமும் தெரிந்திருந்தது. நடிப்பின்மேல் ஆசை வந்ததும் அதனால்தான்.

ஆனால் கூத்துக் குரலை மைக் தாங்கவில்லை. படிப்பவர் போனுக்கு அருகில் இருப்பதால் அவர் குரல்தான் பெரிதாகப் பதியும். அவரை அட்டைக்குப் பின்னால், பொட்டுக்கு நேரே நிறுத்தி, பாதிக் குரலில் படிக்கச் சொல்லுங்கள். மாமா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கூத்தில் நாம் சனத்திடம் போகிறோம். இதில் சனம் நம்மிடம் வருகிறது." கேமரா நடிப்பைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் எனக்குப் பயன்பட்டது இதுதான்.

படி 5: அறிமுகம்

வசனத்துக்கு முன் பெயர், உயரம், ஊர் சொல்லச் சொல்வார்கள். இது எனக்கு வசனத்தைவிடக் கடினம். "இயல்பாக இருங்கள்" என்பார்கள், ஆனால் எழுதித் தரமாட்டார்கள். நீங்களே எழுதுங்கள். மூன்று வாக்கியம். அதையும் மனப்பாடம் செய்யுங்கள். இங்கே மட்டும் லென்ஸைப் பார்க்க வேண்டும்.

ஓட்டிசம் இருப்பதை அறிமுகத்தில் சொல்லலாமா? நான் சொல்வதில்லை, அழைப்பு வந்த பிறகு எழுதுகிறேன். சொல்லிவிட்டே நடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலிய நடிகை குளோயி ஹேடன் தனக்கு ஓட்டிசம் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். 2022இல் ஒரு தொடரில் ஓட்டிசம் உள்ள பாத்திரத்திலேயே நடித்தார். முடிவு உங்களுடையது.

படி 6: "இன்னும் சோகமாக"

சோகமான முகத்தைக் கண்ணாடி முன் பழகாதீர்கள். பள்ளிக்காலம் முழுவதும் நான் மற்றவர்களின் முகங்களைப் பார்த்துப் போலிசெய்து, மாலையில் பேச்சே வராமல் படுத்துக் கிடந்தவன். கண்ணாடி முன் நின்றால் அந்தப் பழைய முகம்தான் வருகிறது. அதற்குப் பதிலாகக் காட்சியில் எதிராளியை என்ன செய்யவைக்கப் பார்க்கிறீர்கள் என்று வினைச்சொல்லாக எழுதுங்கள். "சோகம்" என்பது செய்யக்கூடிய காரியமல்ல. "அண்ணனை இன்னும் ஒரு நிமிடம் நிற்கவைப்பது" செய்யக்கூடியது. அதைச் செய்ய முயன்றால் முகம் தானாக அதன் வேலையைச் செய்கிறது. என் முகத்தில் அசைவு குறைவு. அருகிலிருந்து எடுக்கும் காட்சிக்கு அவ்வளவே போதும்.

ஒரு நாளைக்கு எட்டு முறைக்குமேல் எடுக்காதீர்கள்.

படி 7: அனுப்புதல்

கோப்புக்குப் பெயரும் பாத்திரமும் சேர்த்துப் பெயரிடுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், தரம் குறையாது. சிக்னலுக்கு நான் கோயிலடிக்கு ஏறுகிறேன்.

அழைப்பு வந்தால்

உங்களுக்கு வேண்டியதை எழுத்தில் கேளுங்கள். நான் நான்கு கேட்டேன்: எடுக்கப்போகும் காட்சிகளின் வரிசை முந்திய நாளே வேண்டும், சட்டையில் மைக் பொருத்துபவர் தொடுமுன் சொல்ல வேண்டும், என் காட்சியில், எடுக்கத் தொடங்கும்போது தட்டும் கிளாப் பலகையை மெதுவாகத் தட்ட வேண்டும், இடைவேளையில் உட்காரத் தனி இடம் வேண்டும். கிளாப்பை மெதுவாகத் தட்டுவது, அருகிலிருந்து எடுக்கும்போது அவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது அதிலேயே இருக்கிறது.

ஹப்புத்தளையில் படப்பிடிப்பு. பகல் இரண்டு மணிக்குப் பனிமூட்டம் ஏறியது, வரிசை மாறியது. யாரும் சொல்லவில்லை. எனக்கு மூச்சு முட்டியது. போய் வேனுக்குள் உட்கார்ந்தேன். உதவி இயக்குநர் அக்கா தேடி வந்து, எதுவும் கேட்காமல், புது வரிசையை ஒரு கடதாசியில் எழுதிக் கையில் தந்தார். பத்து நிமிடத்தில் வெளியே வந்தேன். அடுத்த காட்சியில், அசைவு முன்னதோடு பொருந்த வேண்டும் என்பதற்காக, முன்பு தூரத்திலிருந்து எடுத்தபோது எந்தச் சொல்லில் எந்தக் கையால் கோப்பையை எடுத்தேன் என்று கேட்டார்கள். "போ" என்ற சொல்லில், இடது கையால், பிடி வெளிப்புறம். எனக்கு அது மறக்காது. அன்று மாலைவரை மற்ற நடிகர்களின் கைகளைப் பற்றியும் என்னிடம்தான் கேட்டார்கள்.

காது அடைப்பான் கொண்டு போங்கள், ஆனால் எடுக்கும்போது கழற்றுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள்.

*மீண்டும் சேர்த்தது:* பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கை, குளிர்காலத்தில் அட்டை ஈரமாகிப் பொட்டு கழன்று விழுவதாக எழுதியிருந்தார். எனக்கும் ஒருமுறை வசனத்தின் நடுவில் விழுந்தது. பார்வையும் அதோடு கீழே போய்விட்டது. மருந்துக்கடையில் விற்கும் துணிப் பிளாஸ்டரை விரல்நக அளவு வட்டமாக வெட்டி ஒட்டி, நடுவில் பேனாவால் கறுப்புப் புள்ளி வையுங்கள். இந்த மழை முழுவதும் என்னுடையது ஒட்டியபடியே இருக்கிறது.