மாரிக்கு முன் மாங்கொப்பு வெட்டுபவர்களுக்கு
மட்டக்களப்பில் 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்களுக்கு, கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் மாங்கொப்பைப் பார்த்தாலே நெஞ்சு பதறும். அதற்காக மரத்தை மொட்டையடிக்க வேண்டாம். பிறகு வெடிக்கும் தளிர்க்கொப்புகளுக்குப் பிடிமானம் குறைவு, காற்றில் அவைதான் முதலில் முறியும்.

பாரமான கொப்பை மேலிருந்து ஒரேயடியாக அறுத்தால் பட்டை அடிமரம்வரை உரிந்துவிடும். (எங்கள் வளவு வேம்பு அப்படித்தான் பாழானது.) அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதலில் அறுங்கள். பிறகு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் கொப்பு பட்டையை இழுக்காமல் விழும். மிச்சத் துண்டை, கொப்பின் அடியில் தடித்திருக்கும் வளையத்தில் வாள் படாமல், அதையொட்டி எடுத்தால் சரி. காயத்துக்குத் தாரும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். அந்த வளையமே மெல்ல மூடிக்கொள்ளும்.

மின்கம்பி பக்கமென்றால் கைவைக்காதீர்கள், மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.