மரப் பலகையைக் கழற்றி ஃபைபர் சிமெண்ட் போட்டோம்

சிங்கப்பூர் செராங்கூன் கார்டன்ஸில் எங்கள் வீட்டு மேற்குச் சுவரின் மரப் பலகைகள் உளுத்துவிட்டன. விரலால் அழுத்தினாலே பொடியாக உதிர்ந்தது. வெயிலும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி அடித்தால் வேறென்ன ஆகும்?

பழைய வீடு, அதனால் முதலில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருள்) இருக்கிறதா என்று சோதனை. சிங்கப்பூர்க் கட்டடங்களில் அதற்குத் தடை வந்ததே 1989-இல்தான்.

அப்புறம் ஃபைபர் சிமெண்ட் பலகை, அதாவது சிமெண்டில் நார் கலந்து செய்த பலகை. கரையான் அதைத் தொடாது. ஆனால் பலகையைவிட அதன் பின்புறம்தான் முக்கியம். சுவருக்கு நீர்காப்புப் பூச்சு, அதன்மேல் செங்குத்துச் சட்டங்கள், நடுவே காற்றோட இடைவெளி. உள்ளே புகுந்த தண்ணீர் கீழே வழிந்து வெளியேற வேண்டும். அடிப்பகுதியைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் போச்சு. அங்கே பூச்சி வலை மட்டும் வைத்தோம். ஸ்க்ரூ எல்லாம் எவர்சில்வர். சன்னல்களுக்கு மேல் அலுமினியத் தகடு மடித்து வைக்கும்படி கான்ட்ராக்டர் அண்ணனிடம் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

டிசம்பர் மழையிலும் உள்சுவரில் ஈரமில்லை. இப்போது பலகை இணைப்புகளை அடைத்திருக்கும் சீலண்ட் பசையை மட்டும் அவ்வப்போது கவனித்துக்கொள்கிறோம்.