கூலண்டில் எண்ணெயா? ஹெட்டைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

பழைய காரில் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுவது) நடுங்குகிறது, கூலண்ட் டப்பாவில் பால்காப்பி நிறத்தில் கொழகொழவென்று எண்ணெய் மிதக்கிறது என்றால் உடனே ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆயில் கூலர் (இன்ஜின் ஆயிலைக் கூலண்டால் குளிர்விக்கும் பாகம்) உள்ளே ஓட்டையானாலும் இதே கோலம்தான்: ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம் என்பதால் அது கூலண்டுக்குள் புகும். ஆனால் கூலர் ஐடிலிங்கைக் கெடுக்காது.

ஆகவே முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட்: ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று கேஜ் வைத்து அளப்பது. எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் மட்டும் அளவு படுத்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். எல்லாம் சமமா? கூலர் மேல்தான் முதல் சந்தேகம். நடுக்கத்துக்கு வேக்கம் ஹோஸ் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் பகுதியோடு இணைந்த ரப்பர் குழாய்) வெடிப்பைத் தனியாகத் தேடுங்கள்.

எண்ணெய் ஊறிய ரப்பர் ஹோஸ் உப்பிப்போகும். அழுத்தினால் மெத்தென்றிருப்பதை மாற்றிவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம்.