எங்கோ நடக்கும் போரும் நம் வீட்டு அடுப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 மார்ச்சில் எங்கள் வீட்டுக்கு 15 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் டின் ஒன்று வந்து இறங்கியது. வாங்கியது நான்தான். உக்ரைனில் போர் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. கடைக்காரர் "அடுத்த வாரம் என்ன விலை வருமோ, சொல்ல முடியாது சார்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் செலவாகும். டின்னைத் திறந்த பிறகு மூடி வைப்பதும் எடுப்பதுமாக நாள் ஓடியது. ஜூலை வாக்கில் கடையில் எண்ணெய் விலை இறங்கத் தொடங்கியிருந்தது, என் டின்னில் காறல் வாடை ஏறத் தொடங்கியிருந்தது. மிச்சத்தை அம்மா விளக்குக்கு ஊற்றித் தீர்த்தார். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் விளக்கேற்றும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

பயந்தது தவறில்லை. இந்தியா வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அப்போது உக்ரைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, மீதியில் கணிசமான பங்கு ரஷ்யாவிலிருந்து. ஆனால் அதே கடையில், அதே அலமாரியில், கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இருந்தன. என் பாட்டி ஆயுள் முழுக்கச் சூரியகாந்தி எண்ணெயைத் தொட்டதே இல்லை. அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

தொலைதூரப் போருக்காக ஒரு குடும்பம் தயாராக வேண்டுமா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். கொஞ்சமாக, சரியான இடத்தில். தவறுகள் பெரும்பாலும் அந்த "எந்த இடத்தில்" என்பதில்தான் நடக்கின்றன.

பார்க்கும் திசை

1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். சென்னை காலியாகத் தொடங்கியது. கிடைத்த ரயிலில் ஏறிச் சொந்த ஊருக்குப் போனார்கள். வீட்டை வந்த விலைக்கு விற்றவர்கள் உண்டு. அரசு அலுவலகங்கள் கடற்கரையைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று உயிரியல் பூங்காவின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த படையெடுப்பு வரவே இல்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி.

ஆனால் கொழும்புத் தாக்குதலுக்கு ஒரு மாதம் முன்பே, 1942 மார்ச்சில், பர்மாவின் தலைநகர் ரங்கூன் ஜப்பானிடம் விழுந்திருந்தது. பர்மா அரிசிக் கப்பல் நின்றது. சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் அந்த அரிசியை நம்பி இருந்த இடங்கள். அரிசித் தட்டுப்பாடும் பங்கீட்டு முறையும் பிறகு ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் வந்தன. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடி விழுந்தது அரிசிப் பானையில். (1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோதும் ஊரே இப்படித்தான் ஓடியது. அந்தப் பயத்தில் மிஞ்சியது "அவன் பெரிய எம்டன்" என்ற ஒரு சொல்.)

ஆகவே முதல் தவறு, டிவியில் எது வெடிக்கிறதோ அதைப் பார்த்துத் திட்டம் போடுவது. அந்தப் போர் எந்தக் கயிற்றால் நம் வீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். சமையலறையில் ஒரு சுற்று வந்தாலே பாதி தெரிந்துவிடும்.

சமையல் எரிவாயு: இந்தியாவின் தேவையில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி. அதில் மிகப் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து ஹார்முஸ் நீரிணை என்ற குறுகிய கடல்பாதை வழியாக வருவது. ஆகவே பாரசீக வளைகுடாவில் போர் என்றால் அது நம் அடுப்புக்கு நேரடிச் செய்தி. பாமாயில் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து வருகிறது. அங்கே போர் இல்லையே என்று இருந்துவிட முடியாது. 2022-ல் சூரியகாந்தி எண்ணெய் குறைந்ததும் உலகமே பாமாயில் பக்கம் திரும்பியது. உள்நாட்டு விலையை அடக்க இந்தோனேசியா ஏப்ரல் 28 முதல் மூன்று வாரங்களுக்கு மேல் ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. கருங்கடலில் கிளம்பிய பிரச்சினை ஜகார்த்தாவைச் சுற்றிக்கொண்டு நம் பஜ்ஜிக் கடைக்கு வந்தது இப்படித்தான்.

உளுந்து இன்னும் சுவாரசியம். நாம் இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு மியான்மரிலிருந்து வருகிறது. அங்கே 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து சண்டை ஓயவில்லை. அதற்காக யாரும் உளுந்து மூட்டை வாங்கி அடுக்கியதாக நான் கேள்விப்படவில்லை. டிவியில் அதிகம் வராத போர் என்றால் பயமும் வராதுபோல.

அரிசி, சர்க்கரை, உப்பு, பால், காய்கறிகள் எல்லாம் உள்நாட்டுச் சரக்கு. டீசல் விலை ஏறினால் லாரி வாடகையோடு சேர்ந்து விலை கூடும், ஆனால் காணாமல் போகாது. உப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. 2016 நவம்பரில் உப்புத் தட்டுப்பாடு என்று வட மாநிலங்களில் வதந்தி பரவி, ஒரே ராத்திரியில் கிலோ 200 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். மூன்று பக்கம் கடல் இருக்கும் நாட்டில்! தூத்துக்குடி உப்பளக்காரர்கள் அன்றைக்குச் செய்தியைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

மூட்டை கட்டுவது

1973 அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. ஜப்பானில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் சென்ரி என்ற புதுக் குடியிருப்பில், மாதக் கடைசியில் ஒரு கடை முன்பு பெண்கள் வரிசை கட்டினார்கள். எதற்கு? கழிவறைக் காகிதத்துக்கு. எண்ணெய் இல்லாவிட்டால் காகிதம் தயாராகாது என்று பேச்சு. உற்பத்தி குறையவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் வாங்கியதால் அலமாரி உண்மையிலேயே காலியானது. காலியான அலமாரியின் படம் பத்திரிகையில் வந்ததும் அடுத்த ஊரிலும் வரிசை நின்றது.

மூட்டை கட்டுவதில் உள்ள கெடுதல் இதுதான். இல்லாத பஞ்சத்தை அது உண்டாக்கிவிடும், கடைசியில் கஷ்டப்படுவது தினக்கூலிக்கு அரை லிட்டர் வாங்குகிறவர். நியாய தர்மத்தை விடுங்கள், கணக்குப்படியும் நஷ்டம்தான். எண்ணெய்க்குக் காறல், ரவைக்கும் மாவுக்கும் புழு, பருப்புக்கு வண்டு. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் ஆறு மாதச் சரக்கைக் காப்பாற்றுவதே தனி வேலை. பழைய வீடுகளில் குதிரும் பத்தாயமும் இருந்தன, நெல்லாக வைத்தார்கள், வேண்டும்போது குத்தினார்கள். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் கட்டிலுக்கடியில் அரிசிப் பையைத் தள்ளி வைப்பது அதற்கு ஈடாகாது.

வழக்கமாக வாங்கும் மளிகையில் மூன்று, நான்கு வாரத்துக்கு மட்டும் கூடுதலாக வைத்துக்கொண்டு, பழையதை முன்னால் எடுத்து, புதியதைப் பின்னால் வைத்தால் போதும். எண்ணெயை ஒரு லிட்டர் பாக்கெட்டாக வாங்குங்கள், டின்னாக வேண்டாம். நான் விளக்கேற்றிக் கற்ற பாடம் அது. ரேஷன் கடையை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசியும், மானிய விலையில் துவரம்பருப்பும் பாமாயிலும் கிடைக்கின்றன. "நாங்கள் அதெல்லாம் வாங்குவதில்லை" என்று இருக்கும் வீடுகள், ஒரு தடவை அட்டை செல்லுபடியாகிறதா, கைரேகை பதிகிறதா என்றாவது பார்த்து வைக்கலாம்.

தினசரி மருந்து மட்டும் விதிவிலக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகள் ஒரு மாதம் கூடுதலாக இருப்பது எப்போதும் நல்லது, போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவே.

அடுப்பு விஷயத்தில்

கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறைக்கடியில் 53 லட்சம் டன் கொள்ளளவுள்ள அவசரகால இருப்பிடங்கள் இருக்கின்றன. சமையல் எரிவாயுவுக்கு அவ்வளவு பெரிய இருப்பு கிடையாது. அதனால் இந்தக் கவலை நியாயமானது. தவறு, அதற்கு நாம் தேடும் வழியில் இருக்கிறது.

கள்ளச் சந்தையில் கூடுதல் சிலிண்டர் வாங்குவது மோசமான வழி. எடை குறைந்திருக்கலாம், வாஷர் போயிருக்கலாம், கேட்க ஆள் இருக்காது. ஒற்றை சிலிண்டர் இணைப்பு வைத்திருப்பவர்கள் அமைதியான நாளில் ஏஜென்சிக்குப் போய் இரட்டை சிலிண்டராக மாற்றிக்கொள்ளலாம், அல்லது 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று வாங்கி வைக்கலாம். செய்தி வந்த பிறகு போனால் வரிசைதான்.

இண்டக்ஷன் அடுப்பு நல்ல மாற்று. காரணமும் எளிது: நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் உள்நாட்டு நிலக்கரியில் வருகிறது, ஹார்முஸைத் தாண்டி வர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஆனால் வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் பரணில் போடுகிறார்கள். அவசரத்துக்கு எடுத்தால், வீட்டிலிருக்கும் குக்கர் முழுக்க அலுமினியம், இண்டக்ஷனில் சூடே ஏறாது. அடுத்தது பிளக். 2,000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பிளக் உருகும். மிக்ஸிக்கு மேலே இருக்கும் பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட் எது என்று பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுச் சமையலையும் அதில் செய்து பாருங்கள். சாம்பார் எத்தனை நிமிடம், தோசைக்கல் ஒத்துவருமா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பெட்ரோலைக் கேனில் பிடித்து வீட்டில் வைப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஆவி தரையோடு பரவும், சமையலறைப் பொறி ஒன்று போதும்.

அடுத்த ஊர்ப் பட்டியல்

போரோ நெருக்கடியோ வந்தால் என்ன செய்வது என்று ஸ்வீடன் அரசு 2018-ல் வீடுதோறும் ஒரு கையேடு அனுப்பியது, 2024-ல் புதுப்பித்தும் அனுப்பியது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம், மக்கள் 72 மணி நேரத்துக்குத் தேவையானதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. உடனே அந்தப் பட்டியல்கள் தமிழில் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டன: டின் பீன்ஸ், உறைபனி தாங்கும் படுக்கை. போர்முனையின் பக்கத்தில், மைனஸ் 20 டிகிரியில், மின்சாரம் போனால் உயிர் போகும் ஊருக்கு எழுதியவை அவை. நமக்கு அந்த வேலையைப் புயல் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கிறது. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாமையும் பார்த்த சென்னைக்காரர்களிடம் டார்ச், பவர் பேங்க், தண்ணீர் கேன், பால் பவுடர் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பணம்

தொலைவில் நடக்கும் போர் பெரும்பாலும் விலையாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஆகவே உண்மையான இருப்பு பரணில் இருக்க வேண்டியதில்லை. எரிவாயு, எண்ணெய், பெட்ரோல் மூன்றுக்கும் மாதம் 6,000 ரூபாய் செலவாகிறது என்று வையுங்கள். 30 சதவீதம் ஏறினால் மாதம் 1,800 கூடுதல், ஆறு மாதத்துக்கு 10,800. இந்தத் தொகையைத் தனியாக வங்கியில் எடுத்து வைத்தால் எந்தச் சரக்கு ஏறினாலும் சமாளிக்கலாம், ஏறாவிட்டால் பணம் பணமாகவே இருக்கும். இதைச் செய்யாமல் போர்ச் செய்தி வந்த வாரத்தில் ஓடிப்போய், உச்ச விலையில், கடன் அட்டையில் நகை வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்கூலி, சேதாரம், வட்டி மூன்றும் சேர்ந்தால் போர் ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்கு நஷ்டம்தான்.

நாட்டின் கையிருப்பும் இதில் முக்கியம். 2022-ல் இலங்கைக் குடும்பங்கள் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றதற்கு உக்ரைன் போரால் ஏறிய விலை கடைசித் தள்ளு மட்டுமே. அதற்கு முன்பே நாட்டில் டாலர் தீர்ந்திருந்தது. போர்ச் செய்தியைப் படிக்கும்போது சொந்த நாட்டின் அந்நியச் செலாவணி பற்றிய சின்னச் செய்தியையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள்

இவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. கீழக்கரையிலோ கடலூரிலோ இருக்கும் வீட்டுக்கு வளைகுடாவில் வரும் போர் தொலைவில் இல்லை, சம்பளம் வரும் இடத்திலேயே நடக்கிறது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது இந்தியா ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக 1,70,000-க்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் அழைத்து வந்தது. ஆள் வந்துவிட்டார்கள், சேமிப்பு வரவில்லை. குவைத் வங்கியில் இருந்த பணத்தை எடுக்க முடியவில்லை, கையிலிருந்த தினாரும் கிட்டத்தட்ட வெறும் காகிதமானது. பிறகு ஐ.நா. வழியாக இழப்பீடு வாங்கியவர்களுக்கு உதவியவை, அங்கே வேலை பார்த்ததைக் காட்டும் காகிதங்கள்.

அதனால் "ஊருக்கு வரும்போது மொத்தமாகக் கொண்டுவருகிறேன்" என்று சம்பளத்தை அங்கேயே சேர்ப்பது இந்த வீடுகளின் பெரிய தவறு. மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல் ஊரிலும் ஒன்று இருக்கட்டும், போனில் மட்டும் வேண்டாம். அங்கே வேலை பார்ப்பவர் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறை எண்ணைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். அப்புறம், அவருடைய அறையில் கூட இருப்பவர் ஒருவரின் நம்பரையும் வாங்கி வையுங்கள். நெட்வொர்க் போன நாளில் இவர் போன் அடிக்காவிட்டாலும் அவர் போன் அடிக்கக்கூடும்.