"என்ன கேம் வாங்கலாம்?" என்று கேட்பவருக்கு என்ன சொல்வது?

யாராவது புதிதாக நிண்டெண்டோவின் ஸ்விட்ச்சோ வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக்கோ மாதிரி கையில் வைத்து விளையாடும் கருவி (ஹேண்ட்ஹெல்ட்) ஒன்றை வாங்கிவிட்டு "என்ன கேம் வாங்கலாம்?" என்று கேட்டால், உடனே கேம் பெயரைச் சொல்லாதீர்கள். முதலில் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள். எங்கே உட்கார்ந்து விளையாடுவீங்க, ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? டிவியில் ஓடும் கன்சோலுக்கு இது பெரிய விஷயமில்லை, ஹால், சோபா, சாயங்காலம் என்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹேண்ட்ஹெல்ட் அப்படியில்லை. ஒருவர் தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் விளையாடுவார், ஒருவர் குழந்தை தூங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில், இன்னொருவர் ஞாயிறு முழுக்க ஹாஸ்டல் அறையில். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி ரசனை இருக்கலாம், ஆனாலும் மூன்று பேருக்கும் ஒரே கேம் ஒத்துவராது. நான் பார்க்கிற முக்கால்வாசி சிபாரிசுகளில் விடுபட்டுப்போவது இதுதான்: கிராஃபிக்ஸ், கதை, இசை எல்லாம் இருக்கும், நடுவில் நிறுத்த முடியுமா என்பது இருக்காது.

நிறுத்துவது என்றால் ஸ்லீப் பட்டனை அழுத்துவது மட்டும் இல்லை. ஸ்விட்சும் டெக்கும் எந்த இடத்தில் அழுத்தினாலும் கேமை அப்படியே உறைய வைத்துவிடும், உண்மைதான். ஆனால் பேட்டரி தீர்ந்தாலோ, தம்பி எடுத்து வேறு கேமைத் திறந்தாலோ, கடைசியாக சேவ் ஆன இடம்தான் மிச்சம். 'ஸ்டார்டியூ வேலி'யை எடுத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு எழுந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, சுரங்கத்துக்குப் போய், மீன் பிடித்து என்று கேமுக்குள் ஒரு நாள் ஓட நம் நேரத்தில் சுமார் 14 நிமிடம் ஆகும். கன்சோலிலும் கணினியிலும் அந்த நாள் முடிந்து படுத்தால்தான் சேவ் ஆகும். அதனால் கால் மணி நேரம் இருப்பவருக்கு அது ரொம்பப் பொருத்தமான கேம், ஐந்து ஐந்து நிமிடமாக மட்டும் நேரம் கிடைப்பவருக்கு எரிச்சல். சாயங்காலம் சுரங்கத்தின் அடியில் நிற்கும்போது சார்ஜ் போனால் அன்றைய பொழுது மொத்தமும் போச்சு. இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டால் கேட்பவர் தனக்கு ஒத்துவருமா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

'ஹேடிஸ்' வேறு வகை. ஒரு ஓட்டம், அதாவது தொடக்கத்தில் இருந்து ஒரு முழு முயற்சி, அரை மணி நேரத்தை ஒட்டி வரும், ஆனால் ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் சேவ் ஆகிவிடும், நடுவில் மூடினால் அந்த அறையின் தொடக்கத்தில் இருந்து தொடரலாம். 'ஹாலோ நைட்'டில் மூடிவிட்டுத் திரும்ப வந்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில்தான் எழுந்திருப்பீர்கள், அது எங்கோ தூரத்தில் இருக்கும். இரண்டுமே அருமையான கேம்கள்தான், ரயிலில் இருப்பவருக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். 'இன்டு த ப்ரீச்' இன்னும் ஒரு படி மேல். எட்டுக்கு எட்டுக் கட்டம், எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பது முன்கூட்டியே திரையில் தெரியும், நீங்கள் யோசித்துக் காய் நகர்த்த வேண்டும். மூன்று நாள் கழித்துத் திறந்தாலும் தேவையானதெல்லாம் கண் முன்னாலேயே இருக்கும், எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. இந்த 'ஞாபகம்' விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. அறுபது எழுபது மணி நேரம் இழுக்கும் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக நீண்ட கதைக்குள் போகும் கேம்) ஒன்றை வாரத்துக்கு ஒரு முறை மட்டும் விளையாடுபவரிடம் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் யார் யார் என்ன சொன்னார்கள், எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

அடுத்து பேட்டரி. 1989-ல் நிண்டெண்டோவின் கேம் பாய் வந்தபோது அதன் திரையில் கலரும் கிடையாது, பின்விளக்கும் கிடையாது. அடாரி லிங்க்ஸிலும் அப்புறம் வந்த சேகா கேம் கியரிலும் கலர் திரை இருந்தது, ஆனால் ஆறு பென்சில் பேட்டரியைப் போட்டும் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் அவற்றைவிடப் பல மடங்கு நேரம் ஓடியது. ஜெயித்தது கேம் பாய்தான், 'டெட்ரிஸ்' கூடவே வந்ததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்றும் கதை அதேதான். முதல் ஸ்டீம் டெக்குக்கு 2 முதல் 8 மணி நேரம் என்று வால்வ் சொல்கிறது. அந்த 2-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசமே நீங்கள் எந்த கேமைச் சிபாரிசு செய்கிறீர்கள் என்பதுதான். 'பலாட்ரோ' மாதிரி சீட்டாட்டம் என்றால் நிதானமாக ஓடும், பெரிய திறந்தவெளி கேம் என்றால் சென்னையில் ஏறியவர் விழுப்புரம் தாண்டுவதற்குள் சார்ஜர் தேடுவார். டெக்கில் பச்சை டிக்கோடு வரும் 'வெரிஃபைடு' குறி, கேம் ஓடும், எழுத்து படிக்க முடியும், பட்டன்கள் சரியாக வேலை செய்யும் என்பதைச் சொல்லும். சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை அது சொல்லாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எழுத்து என்றதும் ஒன்று. டிவியை மனதில் வைத்துச் செய்த கேம்களில் எழுத்து கையளவுத் திரையில் எறும்பு மாதிரி ஆகிவிடும். 'ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ்' ஸ்விட்சின் தவறவிடக்கூடாத கேம்களில் ஒன்று, ஆனால் சின்ன மாடலான ஸ்விட்ச் லைட்டின் 5.5 அங்குலத் திரையில் அதன் மெனுக்களைப் படிப்பது நாற்பது தாண்டியவர்களுக்குச் சிரமம்தான். கேட்பவர் எந்த மாடல் வைத்திருக்கிறார், கண்ணாடி போடுகிறாரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

மாடல் தெரியாமல் சொன்னால் இன்னொரு வகையிலும் சிக்கல். 'சூப்பர் மாரியோ பார்ட்டி'யைக் கையில் பிடித்தபடி விளையாடவே முடியாது, பக்கவாட்டில் இருக்கும் கன்ட்ரோலரான ஜாய்கான் தனியாகக் கழன்று வர வேண்டும். ஸ்விட்ச் லைட்டில் அது கழன்று வராது. லைட் வைத்திருப்பவருக்கு அதைச் சொன்னால் கேமோடு சேர்த்து ஒரு ஜோடி ஜாய்கானும் வாங்க வேண்டியிருக்கும், அப்புறம் அந்தச் சின்னத் திரையை மேசையில் சாய்த்து வைத்து எல்லோரும் எட்டிப் பார்க்க வேண்டும். ரிதம் கேம்களும் இப்படித்தான். ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும், தாளத்துக்குத் தட்டும் கேமில் அந்தக் கொஞ்சமே ஆட்டத்தைக் கெடுக்க போதும். ஒயர் உள்ள ஹெட்போன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சரி, இவ்வளவும் கேட்டாயிற்று. இப்போது கருத்தை எப்படிச் சொல்வது? "'செலெஸ்ட்' செம கேம், கண்டிப்பா விளையாடுங்க" என்பதில் உங்கள் சந்தோஷம் தெரிகிறது, கேம் தெரியவில்லை. நான் இப்படிச் சொல்வேன்: மலை ஏறும் கேம், குதிப்பது, காற்றில் ஒரு பாய்ச்சல், சுவரைப் பிடித்துத் தொங்குவது, இந்த மூன்றே வேலைதான். ஒவ்வொரு திரையும் சின்னது, செத்தால் ஒரு நொடியில் அதே திரையின் தொடக்கத்துக்கு வந்துவிடுவோம், அதனால் நூறு தடவை செத்தாலும் கோபம் வராது. கஷ்டமாக இருந்தால் 'அசிஸ்ட் மோட்' இருக்கிறது, வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்விட்ச் லைட்டில் விளையாடுவது இன்னும் நல்லது, ஏனென்றால் அதில் கூட்டல் குறி வடிவில் நிஜமான டி-பேட் (திசைப் பட்டன்) இருக்கிறது. சாதாரண ஜாய்கானில் நாலு தனித்தனிப் பட்டன்தான், குறுக்காகப் பாயும்போது கட்டைவிரல் தடுமாறும். இதைப் படிக்கிறவர் "எனக்கு இது வேண்டாம்" என்று முடிவு செய்தாலும் அது நல்ல சிபாரிசுதான், அவருடைய காசு மிச்சம்.

பிடிக்காததையும் சேர்த்துச் சொல்லுங்கள், எத்தனை மணி நேரம் விளையாடிவிட்டுச் சொல்கிறீர்கள் என்பதையும். இரண்டு மணி நேரத்தில் தோன்றுவதும் நாற்பது மணி நேரம் கழித்துத் தோன்றுவதும் வேறு வேறு, இரண்டுக்குமே மதிப்பு உண்டு, ஆனால் எது எது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். கதையில் நடுவே வரும் திருப்பத்தைச் சொல்லாமலே ஒரு கேமைப் புகழ முடியும், முதல் ஒரு மணி நேரத்தில் கை என்ன செய்கிறது, மனசு எதற்காகக் காத்திருக்கிறது என்று சொன்னாலே போதும்.

வாங்கக் கிடைக்குமா என்று பாருங்கள். நிண்டெண்டோவின் பழைய கருவியான 3டிஎஸ்-இன் இணையக் கடை இ-ஷாப்பை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். 'புஷ்மோ' என்று ஒரு அழகான புதிர் கேம், கட்டைகளை இழுத்து இழுத்து மேலே ஏற வேண்டும், அந்தக் கடையில் டவுன்லோடாக மட்டுமே வந்தது, இன்று புதிதாக யாரும் வாங்க முடியாது. அதைப் பற்றி ஆசையாகப் பேசலாம், பேச வேண்டும், ஆனால் "வாங்குங்க" என்று சொல்லிவிட்டு ஒருவரைத் தேட விடக்கூடாது. ஒரே பெயரில் பல பதிப்பு இருந்தால் எது என்று குறிப்பிடுங்கள். 'லிங்க்ஸ் அவேக்கனிங்' என்றால் 1993-ல் கேம் பாயில் வந்ததா, 1998-ன் கலர் பதிப்பா, 2019-ல் ஸ்விட்சுக்குப் புதிதாகச் செய்ததா? கலர் பதிப்பு நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவிலேயே இருக்கிறது, சந்தா வைத்திருப்பவர் முதலில் அதை முயன்று பார்க்கலாம்.

நம் ஊரில் வெளிநாட்டுப் பதிப்பு கார்ட்ரிட்ஜ்தான் பலரிடமும் இருக்கும். ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ் பொதுவாக எந்த நாட்டு ஸ்விட்சிலும் ஓடும், ஆனால் அதற்கு டிஎல்சி (கேமுக்குத் தனியாக வாங்கும் கூடுதல் பகுதி) வாங்கும்போது கார்ட்ரிட்ஜ் எந்தப் பகுதிப் பதிப்போ அந்தப் பகுதிக் கணக்கில் வாங்க வேண்டும். டிஎல்சியோடு சேர்த்துச் சிபாரிசு செய்கிறீர்கள் என்றால் இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். டெக்குக்கு கேம் வாங்கும் கடையான ஸ்டீமில் தைரியமாகச் சொல்லலாம், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். நிண்டெண்டோ கடையில் அந்த வசதி இல்லை, அதனால் டெமோ இருந்தால் முதலில் டெமோ.

பட்டியல் போடாதீர்கள். பத்து பெயர் சொன்னால் கேட்பவர் மறுபடி முதல் படியில்தான் நிற்பார். ஒன்று சொல்லுங்கள், மிஞ்சினால் இரண்டு, ஏன் அவருக்கு அது என்று ஒரு காரணத்தோடு. தொண்ணூறுகளில் பிரிக் கேம் வைத்து விளையாடிய மாமா கேட்கிறார் என்றால் 'டெட்ரிஸ் எஃபெக்ட்', வேறு யோசனையே வேண்டாம், ஹெட்போன் மட்டும் கட்டாயம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' சொல்லும் முன் ஒரு எச்சரிக்கை தேவை: ஒரு ஸ்விட்சுக்கு ஒரே ஒரு தீவுதான். முதலில் தொடங்குகிறவர்தான் தீவின் பிரதிநிதி, இரண்டாவது பிள்ளை அதே தீவில் குடியிருக்கலாம், ஆனால் தீவின் முக்கிய முடிவுகள் அவர் கையில் இருக்காது. யார் முதலில் என்று பெற்றோர் முன்னாடியே பேசி வைப்பது நல்லது.

உங்களுக்குப் பிடித்த கேமை ஒருவர் மட்டம் என்று சொன்னால் சண்டைக்குப் போகாமல் எப்போது, எங்கே விளையாடினார் என்று கேளுங்கள். 'அனிமல் கிராசிங்' நிஜக் கடிகாரப்படி ஓடுவது, கடை காலை எட்டு முதல் இரவு பத்து வரைதான். வேலை முடித்து, சாப்பிட்டு, பத்தரைக்கு மேல் கருவியைக் கையில் எடுப்பவருக்குத் தினமும் பூட்டிய கடைதான் கண்ணில் படும், அவர் சலித்துக்கொள்வது நியாயம். 2021 நவம்பரில் வந்த அப்டேட்டில் தீவுக்குச் சட்டம் போடும் வசதி வந்தது, அதில் ஒன்று கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். இதைச் சொன்னால் அவர் திரும்பவும் முயன்று பார்க்கக்கூடும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டு வாரம் கழித்து எப்படிப் போகிறது என்று விசாரியுங்கள். எங்கே நின்றுவிட்டார், எந்த இடத்தில் சிரித்தார், எதைத் தாண்டித் தாண்டி ஓட்டினார் என்று கேட்டாலே அடுத்து என்ன சொல்வது என்று தெரிந்துவிடும். 'இன்டு த ப்ரீச்'சில் காய் நகர்த்துவது பிடித்து, அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று அவர் குறைப்பட்டால், 2023-ல் ஸ்விட்சுக்கு வந்த 'அட்வான்ஸ் வார்ஸ் 1+2: ரீ-பூட் கேம்ப்' சொல்லுங்கள். பிற்பகுதியில் சில களங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும், ஆனால் சண்டையின் நடுவிலேயே சேவ் செய்துவிட்டு ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம்.