மன்றாட்டு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிறு திருப்பலியில் நம்பிக்கை அறிக்கைக்குப் பிறகு, எல்லாருடைய தேவைகளுக்காகவும் மக்கள் வேண்டும் மன்றாட்டுகளைப் பல பங்குகளில் சனிக்கிழமை இரவுதான் எழுதுகிறார்கள். அந்த வாரம் எந்த அன்பியத்தின் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழு) முறையோ, அவர்களில் ஒருவர் பழைய தாளை எடுத்துத் தேதியை மாற்றிக் கொடுப்பதும் நடக்கிறது. நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்த இந்த ஜெபத்தை மீட்கச் சொன்னது கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு. மக்கள் கைக்குத் திரும்ப வந்த ஜெபத்தை இப்படி அவசரத்தில் முடிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் வரிசை. திருச்சபை, ஆட்சியாளர்களும் உலகமும், துன்பப்படுவோர், கடைசியாக உள்ளூர்ச் சமூகம் என்பதே வழக்கமான ஒழுங்கு. நாம் கடைசியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். திருவிழா, கோயில் கட்டட நிதி, தேர்வு எழுதும் பிள்ளைகள், அவ்வளவுதான். இவற்றைக் கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். ஆனால் மற்ற மூன்றின் இடத்தையும் இவை பிடித்துக்கொள்ளக் கூடாது.

ஆட்சியாளர்கள் என்று வந்தால் சிலர் புகழ்கிறார்கள், சிலர் கடவுளிடம் பேசுவதுபோல அரசியல் பேசுகிறார்கள். முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமைத் திருச்சபை கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். கிளமெந்தின் கடிதம் என்று அதைச் சொல்வார்கள். ஆட்சியாளர்களின் கையில் பேதுருவையும் பவுலையும் பறிகொடுத்த திருச்சபை அது. அப்படியிருந்தும் ஆள்வோருக்கு உடல்நலம், அமைதி, ஒற்றுமை, உறுதி வேண்டும் என்று அதில் மன்றாடுகிறது. கூடவே, அந்த அதிகாரம் கடவுள் கொடுத்தது என்றும் சொல்லிவிடுகிறது. இதில் சாபமும் இல்லை, முகத்துதியும் இல்லை. நாமும் "தலைவர்கள் நல்லாட்சி தர" என்று பொத்தாம்பொதுவாக முடிக்காமல், "முதியோர் உதவித்தொகைக்காக நடையாய் நடப்பவர்களின் மனுக்களை அதிகாரிகள் காலம் தாழ்த்தாமல் பார்க்க" என்று எழுதலாம். அதிகாரியின் மேசைவரை போகும் ஜெபம் அது.

ஏழைகளுக்கான மன்றாட்டில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. "ஏழைகளுக்கு உதவும் நல்ல மனதை எங்களுக்குத் தாரும்" என்று வாசிக்கிறோம். அந்த "எங்களுக்கு" யார்? வட்டி கட்ட முடியாமல் தவிக்கும் அண்ணன் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பூசை முடிந்து கோயிலைப் பெருக்கப்போகும் அக்காவும் பின்னால் நிற்கிறார். அவர்கள் எங்கோ வெளியே இருப்பதுபோல ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுகிறோம். "கடன் சுமையில் இருக்கும் எங்கள் குடும்பங்களுக்காக" என்று எழுதிப் பாருங்கள், எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள்.

நோயாளியின் பெயரை வாசிக்கும் முன் அவரிடமோ வீட்டாரிடமோ கேட்க வேண்டும். நோயின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லவே வேண்டாம்.

துன்பத்துக்குக் காரணம் கற்பிப்பது எல்லாவற்றையும்விடக் கொடிய தவறு. பிள்ளையை இழந்த தாய் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "இது உமது திட்டம் என ஏற்றுக்கொள்ளும் வரம் தாரும்" என்று வாசித்தால் அது அவருக்கு ஜெபமாகவா கேட்கும்? விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகல், ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும்தான் தவறிப்போனார்கள். யோபு நூலின் முடிவில், யோபு உங்களுக்காக வேண்டிக்கொள்வார் என்று ஆண்டவர் அந்த நண்பர்களிடமே சொல்கிறார்.

இதை நாம் மறந்தேவிட்டோம். துன்பப்படுகிறவருக்காக மற்றவர்கள் மன்றாடுகிறோம், அவரும் மற்றவர்களுக்காக மன்றாடுகிறவர்தான். படுக்கையில் இருப்போருக்கு நற்கருணை கொண்டுபோகிறவர்கள், இந்த வாரம் யாருக்காக மன்றாட வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு வரலாம். அவர்கள் சொல்வதை அப்படியே ஞாயிறன்று வாசியுங்கள்.