பிக்கப் வண்டியைக் குறைந்த செலவில் உயர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) தரையிலிருந்து ஒரு நூல்கூட மேலே போகாது. அது அச்சோடு சேர்ந்தது. பெரிய டயர் போட்டால்தான் உயரும். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் டிஃபரன்ஷியல் 1 அங்குலம் ஏறும். கல்லில் இடிப்பது அதுதான் என்றால், வண்டியை உயர்த்த இடையில் வைக்கும் ஸ்பேசருக்குச் செலவிடுவது வீண்.

சேஸியையும் பம்பரையும் உயர்த்தினால் போதும் என்பவர்களுக்கு தொடர்ந்து படிக்க விஷயம் இருக்கிறது. இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் பட்டை (லீஃப் ஸ்பிரிங்).

முன்பக்கம் மலிவான வழி, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதியின் தலையில் ஸ்பேசர் வைப்பது. கணக்கு தவறுவதும் இங்கேதான். அந்தத் தொகுதி சக்கரத்துக்கு நேராக அமராமல் சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் அமர்ந்திருக்கிறது. அதனால் 1 அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய 2 அங்குல உயரம் தரும். இது தெரியாமல் 2 அங்குலத் தடிமனில் வாங்கிப் போட்டால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகள் தாங்காத கோணத்தில் சுழலும்; ரப்பர் உறை கிழியும்; மேல் ஆர்மின் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) அசைவின் எல்லையில் போய் முட்டும். கடைக்காரர் சொல்லும் எண் ஸ்பேசரின் தடிமனா, வண்டி உயரும் அளவா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மேல் ஆர்மை மாற்றாதவர்கள் 2 அங்குல உயரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஸ்பிரிங்கைத் தனியே பிரிக்க நேர்ந்தால், அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் நடு நட்டைத் தொடவே கூடாது. உயிர்போகும் வேலை அது.

பின்பக்கம் அச்சுக்கும் பட்டைக்கும் இடையே பிளாக் வைப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும், பிளாக் நழுவும். அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டில், கழற்றிய பழையதையே மாட்டுவது இன்னொரு கஞ்சத்தனம். ஒருமுறை முறுக்கி இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது, நீளமும் போதாது. புதிது மாட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முறுக்கிப் பாருங்கள். பட்டையின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போடுபவர்களுக்கு: 2 அங்குலம் நீட்டினால் கிடைப்பது 1 அங்குலம்தான்.

பல பிக்கப்களில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்புவது அந்த வால்வின் வேலை. வண்டியை உயர்த்தியதும், சுமையே இல்லை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழுச் சுமையோடு மலை இறங்கும்போது இதன் விளைவு தெரியும். பின்பக்கம் உயர்ந்த அளவுக்குக் கம்பியின் அச்சுப் பிடியையும் உயர்த்த வேண்டும். செலவு சொற்பம்; ஆனாலும் பலர் செய்வதில்லை. சக்கரங்களைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

வீல் அலைன்மென்ட்டைத் தள்ளிப்போட்டால் டயரின் ஓரம் தேயும். முகப்பு விளக்கின் கோணத்தையும் இறக்க வேண்டும்.

இந்தியாவில் ஓட்டுபவர்கள் ஸ்பேசர் வாங்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுவது நல்லது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு தடுக்கிறது.